பழைய வெடிமருந்தைத் தோட்டாவில் நிரப்பலாமா? வயதைவிட முக்கியமான கேள்விகள்

பல ஆண்டுகளாக அலமாரியில் கிடக்கும் வெடிமருந்தை இன்று எடுத்துத் தோட்டாவில் நிரப்பலாமா? தோட்டாக்களைத் தாங்களே மறுநிரப்பிக்கொள்பவர்களிடம் இதைக் கேட்டால் நேர் எதிரான இரண்டு பதில்கள் கிடைக்கும். ஐம்பது வருடப் பழைய மருந்து இன்றும் புதிது மாதிரியே சுடுகிறது என்பார் ஒருவர். பத்து வருடம்கூட ஆகாத டப்பாவைத் திறந்தபோது மூக்கைத் துளைக்கும் நெடி வந்தது என்பார் இன்னொருவர். இரண்டுமே நடப்பதுதான். வாங்கிய வருடத்தை மட்டும் பார்த்தால் இந்த முரண்பாடு புரியாது. மருந்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் புரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தோட்டா நிரப்புவதற்கும் மருந்தை வைத்திருப்பதற்கும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பல நாடுகளில் உரிமம் இல்லாமல் இரண்டுமே குற்றம். கீழே வருவது வேதியியலும் பாதுகாப்பும் மட்டுமே.

## கருமருந்தும் புகையில்லா மருந்தும்

பேச்சில் எல்லாவற்றையும் வெடிமருந்து என்றே சொல்லிவிடுகிறோம். கெட்டுப்போவது பற்றிப் பேசும்போது இரண்டையும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் ஏறத்தாழ 75, 15, 10 என்ற விகிதத்தில் சேர்ந்த கலவை. இந்த மூன்றும் சாதாரண வெப்பநிலையில் ஒன்றையொன்று தாக்கிக்கொள்வதில்லை. அதனால் ஈரம் படாத கருமருந்து காலத்தால் கெடுவது கிடையாது. ஈரம் பட்டால் வெடியுப்பு கரைந்து இடம் மாறும், கட்டி தட்டும். உலர்த்தினாலும் பழைய சீரான கலவை திரும்பி வராது. ஆனால் பழைய கருமருந்து வீரியம் இழந்திருக்கும் என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர், அது வெடித்து 2008-ல் வர்ஜீனியாவில் உயிரிழந்தார். அந்த மருந்துக்கு அப்போது சுமார் 140 வயது.

இன்றைய தோட்டாக்களில் இருப்பது புகையில்லா மருந்து. 1884-ல் பிரான்சின் பால் வியேய் உருவாக்கிய 'பூத்ர் பி' இதன் முன்னோடி. இதிலும் வகைகள் உண்டு. நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் அடிப்படையாக இருந்தால் ஒற்றை அடிப்படை மருந்து. அதோடு, அதிர்ந்தாலே வெடிக்கக்கூடிய திரவமான நைட்ரோகிளிசரினும் சேர்ந்தால் இரட்டை அடிப்படை மருந்து. கெடுவது, நெடி வீசுவது, தானாகத் தீப்பிடிப்பது என்றெல்லாம் பேசப்படுவது இந்தப் புகையில்லா மருந்தைப் பற்றித்தான். இனி வரும் பகுதிகளும் அதைப் பற்றியவையே.

## சும்மா இருக்கும்போதே ஏன் சிதைகிறது?

பருத்தியோ மரக்கூழோ நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியும்போது கிடைப்பது நைட்ரோசெல்லுலோஸ். நீண்ட செல்லுலோஸ் சங்கிலியில் நைட்ரேட் தொகுதிகள் வரிசையாகத் தொற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பிணைப்பு உறுதியானதல்ல. டப்பாவுக்குள், இருட்டில், யாரும் தொடாமல் இருந்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுந்துகொண்டே இருக்கும். இந்தச் சிதைவை மெதுவாக்க முடியுமே தவிர நிறுத்த முடியாது.

பிணைப்பு அறுபடுவதைவிட அதன் பிறகு நடப்பதுதான் பெரிய சிக்கல்:

1. பிணைப்பு அறும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வெளிவருகின்றன. நைட்ரஜன் டை ஆக்சைடின் நிறம் செம்பழுப்பு.
2. மருந்தில் எப்போதும் கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும். வாயு அதோடு சேர்ந்து நைட்ரிக், நைட்ரஸ் அமிலங்களாகிறது.
3. அந்த அமிலம் பக்கத்திலுள்ள நைட்ரேட் பிணைப்புகளைத் தாக்குகிறது. இன்னும் அதிக வாயு, இன்னும் அதிக அமிலம்.
4. ஒவ்வொரு அறுபடலிலும் சிறிது வெப்பமும் வெளியாகிறது. வெப்பம் கூடினால் சிதைவின் வேகமும் கூடும்.

ஆக, சிதைவில் பிறப்பதே அடுத்த சிதைவைத் தூண்டுகிறது. தொடக்கத்தில் பல ஆண்டுகள் எந்த மாற்றமும் தெரியாமல் இருந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு சில மாதங்களிலேயே மருந்து பாழாகிவிடுவது இதனால்தான்.

கடைசியில் தீப்பிடிக்குமா என்பது குவியலின் அளவைப் பொறுத்தது. ஈரமாக அடுக்கிய வைக்கோல் போர் உள்ளுக்குள் புழுங்கிப் பற்றிக்கொள்வதைப் போல, பெரிய குவியலின் நடுவில் பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. சிறிய டப்பாவில் சூடு பக்கவாட்டில் கசிந்துவிடும். அதனால் அரைக் கிலோ டப்பா பெரும்பாலும் தீப்பிடிக்காமல் உள்ளேயே அழுகிப்போகும். பெரும்பாலும் என்ற சொல் இங்கே முக்கியம். சூடான அறையில் அந்த வாய்ப்பு மாறும்.

## நிலைப்படுத்தியின் வேலை

இந்தச் சங்கிலியை உடைக்கத்தான் தயாரிப்பின்போதே நிலைப்படுத்தி ஒன்றைச் சேர்க்கிறார்கள். டைஃபீனைலமைன் மிகப் பரவலானது. எத்தில் சென்ட்ராலைட்டும் பயன்படுகிறது. மருந்தின் எடையில் சுமார் 1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் டைஃபீனைலமைன் இருக்கும். வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடை அமிலமாகும் முன்பே பிடித்து வைத்துக்கொள்வது அதன் பணி. பிடித்த பிறகு அது என்-நைட்ரோசோடைஃபீனைலமைன் என்ற வேறு சேர்மமாக மாறுகிறது. அந்தச் சேர்மமும் இன்னும் கொஞ்சம் வாயுவைப் பிடிக்க வல்லது. இப்படிப் படிப்படியாக மாறி ஒரு நாள் பிடிக்கும் திறன் தீர்ந்துவிடும்.

மருந்தின் ஆயுள் என்பது இந்த நிலைப்படுத்தியின் ஆயுள்தான். ஐம்பது வருட மருந்தில் அது பாதி மீதமிருக்கலாம், பத்து வருட மருந்தில் தீர்ந்தும் போயிருக்கலாம். அமெரிக்க ராணுவம் தன் கையிருப்பிலிருந்து மாதிரி எடுத்து மீதமுள்ள நிலைப்படுத்தியை ஆய்வகத்தில் அளக்கிறது. அது 0.20 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தத் தயாரிப்புத் தொகுதியை முழுவதுமாக அழிப்பதற்கு ஒதுக்கிவிடுகிறார்கள். வீட்டில் மருந்து வைத்திருப்பவருக்கு இப்படி அளக்க வழியில்லை. இந்த விவகாரத்தின் முடிச்சே அதுதான்: தீர்மானிக்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது, ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது.

## தூலோன் துறைமுகம் கற்றுக்கொடுத்தது

நைட்ரோசெல்லுலோஸை வேதியியலாளர் ஷோன்பைன் அறிவித்தது 1846-ல். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் ஃபேவர்ஷாமில் அதைத் தயாரித்த ஆலை வெடித்துச் சிதறியது. கூழாக அரைத்துத் திரும்பத் திரும்ப அலசி, நாரில் ஒளிந்திருக்கும் அமிலத்தை வெளியேற்றும் முறையை 1865-ல் ஆங்கிலேய வேதியியலாளர் ஃபிரெடரிக் ஏபெல் கொண்டுவந்தார். அதன்பின்தான் அது ஓரளவாவது கட்டுக்குள் வந்தது.

பெரும் விலை கொடுத்தது பிரெஞ்சுக் கடற்படை. ஆரம்ப கால பூத்ர் பி மருந்தில் அமைல் ஆல்கஹால் நிலைப்படுத்தியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அது மெல்ல ஆவியாகிவிடும். 1907 மார்ச் 12 அன்று தூலோனில் உலர்துறையில் நின்றிருந்த 'யேனா' போர்க்கப்பலின் மருந்தறை வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1911 செப்டம்பர் 25 அன்று அதே தூலோனில் 'லிபர்த்தே' வெடித்தது. அதில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். இரண்டிலும் சந்தேகம் விழுந்தது சிதைந்த பூத்ர் பி மீதுதான். அமைல் ஆல்கஹால் கைவிடப்பட்டு டைஃபீனைலமைன் அந்த இடத்துக்கு வந்தது.

இதெல்லாம் நூறு வருடப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2012 அக்டோபரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கேம்ப் மிண்டன் வளாகத்தில் ஒரு கிடங்கு வெடித்தது. விசாரிக்கப் போனபோது சுமார் 6,800 டன் எம்-6 பீரங்கி மருந்து அங்கே முறையற்று வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அருகிலிருந்த டாய்லைன் ஊர் மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அழிப்பதில் தாமதமாகத் தாமதமாக நிலைப்படுத்தி குறைந்துகொண்டே போகும் என்பதுதான் அப்போதைய பெரிய கவலை. மூடிய எரிகலனில் எரித்து முடிக்க 2017 வரை ஆனது.

சில்லறை விற்பனையிலும் இது நடந்திருக்கிறது. ஐ.எம்.ஆர். 4007 எஸ்.எஸ்.சி. என்ற துப்பாக்கி மருந்தின் சில தொகுதிகள் வேகமாகச் சிதையக்கூடும், தானாகத் தீப்பிடிக்கவும் கூடும் என்று சொல்லி நிறுவனமே அவற்றைத் திரும்பப் பெற்றது. கடையில் வாங்கிய, பெயருள்ள, மிகப் பழையது என்று சொல்ல முடியாத மருந்து அது.

## வெப்பநிலையின் கணக்கு

எந்த வேதிவினையும் சூட்டில் விரையும். நைட்ரோசெல்லுலோஸின் சிதைவு அதில் மிகவும் கூர்மையானது. நேட்டோ நாடுகளின் ஒரு சோதனைத் தரத்தில் உள்ள கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். 25 டிகிரி செல்சியஸில் 10 ஆண்டு இருப்பு வைப்பதற்குச் சமமான முதுமையை 80 டிகிரியில் 10.6 நாளில் வரவழைத்துவிடலாம். 90 டிகிரியில் மூன்றரை நாள் போதும்.

கூரையடி அறை, தகரக் கொட்டகை, வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டி ஆகியவை 80 டிகிரியை எட்டுவதில்லைதான். ஆனால் 45, 50 டிகிரியில் கழியும் ஒவ்வொரு கோடையும் குளிர்ந்த அறையின் பல வருடங்களை விழுங்கிவிடும். ஆகவே 'எத்தனை வருடம் ஆயிற்று?' என்பதோடு 'எங்கே கிடந்தது?' என்பதையும் கேட்க வேண்டும். இறந்தவரின் உடைமைகளோடு வந்த டப்பா, ஏலத்தில் எடுத்த பெட்டி ஆகியவற்றைப் பற்றி அந்த இரண்டாவது கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

## கெட்ட மருந்தை நிரப்பினால் என்ன நேரும்?

மருந்து பழசானால் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் என்று நம்புபவர்கள் நிறைய. பாதி உண்மைதான் அது. நைட்ரேட் தொகுதிகள் போகப் போக மருந்தின் ஆற்றல் குறையும். அந்தக் குறைவே ஆபத்தாகவும் மாறலாம். அழுத்தம் போதாமல் ரவை, அதாவது தோட்டா முனையிலுள்ள உலோகக் குண்டு, துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு, அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும்.

எதிர்த்திசையிலும் போகலாம். மருந்துத் துகள் எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்பதை அதன் வடிவமும், மேற்பரப்பில் பூசப்பட்ட எரிதடுப்புப் பூச்சும் கட்டுப்படுத்துகின்றன. செல்லுலோஸ் சங்கிலி துண்டுதுண்டாகும்போது துகள் நொறுங்கும் தன்மை அடைகிறது. நொறுங்கினால் எரியும் பரப்பு கூடும், அழுத்தமும் ஏறும். பூச்சு காலப்போக்கில் துகளின் உட்பக்கம் ஊடுருவிப் போனாலும் எரிவேகம் மாறும். சரியாக மூடாத டப்பாவில் மருந்து தன் வழக்கமான ஈரப்பதத்தை இழந்து காய்ந்துவிட்டால், அதே எடை மருந்து கூடுதல் அழுத்தம் தரும். ஒரே டப்பாவின் மேற்பகுதியும் அடிப்பகுதியும் ஒரே அளவு கெட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு தோட்டா மந்தமாகவும் அடுத்தது முரட்டுத்தனமாகவும் சுடுவது இப்படித்தான்.

நிரப்பி வைத்த தோட்டாவுக்குள் அமிலம் மருந்தைத் தாங்கும் பித்தளைக் கூட்டை உள்ளிருந்தே அரிக்கும். கூட்டின் கழுத்தில் மயிரிழை விரிசல், ரவையைச் சுற்றிப் பச்சைப் படிவு எல்லாம் அப்புறம் தெரியவரும். கூட்டின் சுவர் பலவீனமானால் சுடும்போது வாயு பின்பக்கமாக, சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயலாம்.

## டப்பாவைத் திறந்து பார்க்கும்போது

வருடத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு டப்பாவையும் பார்ப்பது நல்லது. காற்றோட்டமான இடத்தில், நெருப்போ பொறியோ எட்டாத தூரத்தில் திறக்க வேண்டும். மூக்கை டப்பாவுக்குள் நுழைக்காமல், கையால் காற்றை விசிறி முகர்ந்தால் போதும்.

1. வாசனை. நல்ல மருந்தில் ஈதர், ஆல்கஹால் போன்ற கரைப்பான்களின் லேசான மணம் இருக்கும். கெட்ட மருந்தின் நெடி புளிப்பானது, கூர்மையானது, மூக்கின் உட்புறத்தைச் சுடும். அந்த நெடி வந்தாலே போதும், வேறு ஆதாரம் தேவையில்லை.
2. செம்பழுப்புத் தூசு. ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் சரித்துப் பாருங்கள். நல்ல மருந்து கிராஃபைட் பூச்சோடு கருஞ்சாம்பலாக, பளபளப்பாக, மணிமணியாக உருளும். கெட்ட மருந்து தாளில் துருப்பொடி போன்ற செம்பழுப்புக் கறையை விட்டுப் போகும். தகர டப்பா துருப்பிடித்து உதிர்ந்த பொடியும் இதேபோல இருக்கும். எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் கெட்டது என்றே கொள்ள வேண்டும்.
3. மூடியின் உட்புறம். வெளியே பளிச்சென்று இருக்கும் மூடி உள்ளே மட்டும் துருவேறியிருந்தால், பிளாஸ்டிக் டப்பா விரிசல் விட்டோ உள்வாங்கியோ இருந்தால், உள்ளிருந்து அமில ஆவி கிளம்பியிருக்கிறது என்று பொருள்.
4. கட்டியும் பிசுபிசுப்பும். துகள்கள் ஒட்டிக்கொண்டால், விரலில் எண்ணெய்ப் பசை தட்டினால், இரட்டை அடிப்படை மருந்தில் நைட்ரோகிளிசரின் கசிந்திருக்கலாம். உலுக்கிக் கட்டியை உடைக்க முயலவே கூடாது.
5. புகையும் சூடும். மூடியைத் திறந்ததும் செம்பழுப்பு ஆவி எழுந்தாலோ, டப்பா அறையைவிட வெதுவெதுப்பாக இருந்தாலோ சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு விலக வேண்டும். நைட்ரஜன் டை ஆக்சைடு நுரையீரலுக்கு நஞ்சு. சுவாசித்த பிறகு பல மணி நேரம் கழித்தும் பாதிப்பு தெரியவரலாம்.

ஈரப்படுத்திய நீல லிட்மஸ் தாளை மருந்தைத் தொடாமல் டப்பாவின் வாயருகே பிடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சிவந்தால் மருந்து கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சிவக்காவிட்டால் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மேலே சொன்ன எல்லா அடையாளங்களுக்கும் இதே வரம்பு உண்டு. இவை நிலைப்படுத்தி தீர்ந்த பிறகு தெரிபவை. தீரப்போகும் நிலையில் உள்ள மருந்து பார்வைக்கும் மூக்குக்கும் நல்ல மருந்தாகவே இருக்கும்.

## ஏமாற்றும் சோதனைகள்

திறந்த வெளியில் கொஞ்சம் கொட்டிப் பற்றவைத்து, 'நன்றாக எரிகிறதே' என்று முடிவுகட்டுவது பரவலான பழக்கம். பாதி சிதைந்த மருந்தும் திறந்த வெளியில் நன்றாகவே எரியும். மூடிய கூட்டுக்குள் சதுர அங்குலத்துக்குப் பல்லாயிரம் பவுண்டு அழுத்தத்தில் எப்படி எரியும் என்பதை அது துளியும் சொல்லாது.

நாலைந்து தோட்டா நிரப்பிச் சுட்டுப் பார்ப்பது அதைவிட மோசம். சோதனைக் கருவியாக அங்கே நிற்பது சுடுபவரின் கையும் கண்ணும்.

ஆய்வகங்களில் செய்யும் மெத்தில் வயலட் சோதனையில் மருந்தை 120 அல்லது 134.5 டிகிரிக்குச் சூடாக்கி, ஊதாத் தாள் எப்போது நிறம் மாறுகிறது என்று பார்ப்பார்கள். இதை வீட்டு அடுப்பில் செய்து பார்க்க ஆசைப்படவே கூடாது.

## கெடாத மருந்திலும் ஒரு கண்ணி

நல்ல நிலையில் உள்ள பழைய மருந்தே, எவ்வளவு நிரப்பலாம் என்று சொல்லும் தரவு தவறாக இருந்தால், துப்பாக்கியை உடைக்கும். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிச்சமான ராணுவ மருந்துகளை வாங்கி அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் நிறுவனம் மறுநிரப்புவோருக்கு விற்றது. 4895, 4831 என்ற எண்கள் அப்படிப் புழக்கத்துக்கு வந்தவை. பிற்பாடு ஹாட்ஜ்டனின் எச்-4831 என்றும், வேறொரு வணிகப் பெயரில் ஐ.எம்.ஆர். 4831 என்றும் இரண்டு மருந்துகள் சந்தையில் நின்றன. எண் ஒன்றுதான், மருந்து வேறு. ஐ.எம்.ஆர். வகை வேகமாக எரியும். டப்பாவில் '4831' என்று மட்டும் யாரோ பேனாவால் எழுதி வைத்திருந்தால் அது எது? எச் வகைக்கான உச்ச அளவில் ஐ.எம்.ஆர். வகையை நிரப்பினால் அழுத்தம் எல்லை மீறும்.

பெயர் தெரியாத மருந்தை நிறம், மணம், துகள் வடிவம் பார்த்து யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. மெதுவாக எரியும் ரைஃபிள் மருந்தும் படுவேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். பழைய தோட்டாக்களைப் பிரித்துச் சேகரித்த மருந்துக்கும் இதே நிலைதான். எந்தத் தொகுதி எதோடு கலந்தது என்றே தெரியாது. இந்த இரண்டையும் எந்த நிபந்தனையிலும் நிரப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

## எப்போது பயன்படுத்தலாம்?

கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் தயக்கமில்லாமல் 'ஆம்' என்று சொல்ல முடிந்தால் மட்டுமே அடுத்ததற்குப் போக வேண்டும்.

1. தயாரிப்பாளரின் சொந்த டப்பாதானா? லேபிளில் முழுப் பெயரும் தொகுதி எண்ணும் படிக்க முடிகிறதா?
2. வேறு எந்த மருந்தும் அதில் கொட்டப்படவில்லை என்பது உறுதியா?
3. எங்கே, எந்தச் சூட்டில் இருந்தது என்று தெரியுமா? அந்த இடம் குளிர்ச்சியாகவும் உலர்ந்தும் இருந்ததா?
4. திரும்பப் பெறப்பட்ட தொகுதிகளில் அது இல்லை என்று நிறுவனத்தின் அறிவிப்புகளில் சரிபார்த்தாயிற்றா?
5. மேலே சொன்ன ஐந்து அடையாளங்களில் ஒன்றும் இல்லையா?

அத்தனைக்கும் ஆம் என்றால் முப்பது, நாற்பது வருட மருந்தும் பயன்படக்கூடியதே. அப்போதும் அந்த மருந்துக்கே உரிய தரவில் உள்ள தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முன்பு பயன்படுத்திய உச்ச அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த மருந்தில் நிரப்பிய தோட்டாக்களைப் பல வருடம் சேமித்து வைப்பதிலும் அர்த்தமில்லை. கூட்டுக்குள் போனதால் சிதைவு நின்றுவிடுவதில்லை.

ஒரு கேள்விக்காவது பதில் 'தெரியவில்லை' என்றால் அதை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு டப்பா மருந்தின் விலையை ஒரு துப்பாக்கியின் விலையோடுகூட ஒப்பிட முடியாது. கண்ணுக்கும் விரலுக்கும் விலையே கிடையாது.

## வைப்பதும் அழிப்பதும்

மருந்து எப்போதும் அதன் சொந்த டப்பாவிலேயே இருக்கட்டும். தீப்பிடித்தால் எளிதில் பிளந்து அழுத்தத்தை விடும்படி செய்யப்பட்டது அது. கண்ணாடிக் குடுவை, தடித்த இரும்புப் பெட்டி இரண்டும் ஆகாது. எரிவதற்கு மட்டுமே வாய்ப்புள்ள மருந்தை, அடைத்து வைப்பதால் வெடிக்கும் பொருளாக மாற்றிவிடுவோம். ஓர் அங்குலத் தடிமன் பலகையால் ஆன மரப்பெட்டியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான். மரம் வெளிச்சூட்டைத் தாமதப்படுத்தும், உள்ளழுத்தத்தைத் தேக்காது. பழையது தீர்ந்த பிறகே புதியதைத் திறக்க வேண்டும். மிச்சத்தைப் புதிய டப்பாவில் கொட்டினால் கெட்டது நல்லதையும் கெடுக்கும்.

அழிக்க வேண்டிய மருந்தைச் சாக்கடையிலோ கழிப்பறையிலோ ஊற்றக் கூடாது. நைட்ரோசெல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. நனைந்து படிந்து, காய்ந்ததும் மறுபடி எரியத் தயாராகிவிடும். குப்பைத்தொட்டியிலும் போடக் கூடாது. உள்ளூர்ச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் தயாரிப்பாளர்கள் சொல்லும் வழி எரிப்பதுதான். கட்டடங்களிலிருந்து விலகிய திறந்த வெளியில், வெறும் தரையில், ஓர் அங்குல உயரத்தைத் தாண்டாத மெல்லிய பரப்பலாக மருந்தைச் சிறிதளவு பரப்ப வேண்டும். அதிலிருந்து நீளும் காகிதத் திரியின் மறுமுனையைப் பற்றவைத்துவிட்டு, நெருப்பு மருந்தை எட்டும் முன்பே தொலைவுக்குப் போய்விட வேண்டும். எரிந்த இடத்தில் உடனே அடுத்த பங்கைக் கொட்டக் கூடாது. தரையில் ஒளிந்திருக்கும் ஒரு தணல் போதும்.

ஆவி கிளம்பும் டப்பாவையோ சூடேறிய டப்பாவையோ இப்படிக் கையாள முயலக் கூடாது. நிறைய அளவு மருந்து கிடைத்தாலும், கெட்ட மருந்தால் நிரப்பிய தோட்டாக்கள் கிடைத்தாலும், பழைய பீரங்கிக் குண்டு எதுவானாலும் இதே விதிதான். நகர்த்தாமல், ஆட்களை அப்புறப்படுத்தி, கதவைத் திறந்தே விட்டுவிட்டு, தீயணைப்புத் துறைக்கோ காவல் துறைக்கோ தகவல் கொடுங்கள். என்ன மருந்து, எவ்வளவு, எந்த அறையில், எப்போதிலிருந்து ஆவி வருகிறது என்ற நான்கையும் அப்போதே சொல்லிவிட்டால், வருபவர்கள் தகுந்த ஏற்பாட்டோடு வருவார்கள்.